ஜவ்வாது மலைச் சின்ன வண்டுகள்: நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறேன், பெயர்தான் வரமாட்டேன் என்கிறது

குடியாத்தம் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு ஜவ்வாது மலை, அதிலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற வண்டுகள் மட்டும். பெரிய வண்டுகளை எங்கள் சீனியர் ஒருவர் முடித்துவிட்டுப் போய்விட்டார், எனக்கு மிஞ்சியது இந்தப் பொடிசுகள். அமிர்தி பக்கம் கொஞ்சம், அப்புறம் போளூர் வழியாக ஏறி ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரத்தில் நிறைய எடுத்தேன். எல்லாம் ஊரை ஒட்டிய நிலங்களிலும் சாலையோரத்திலும் எடுத்ததுதான், காப்புக்காட்டுக்குள் போகவில்லை.

வீட்டுக்கு வந்து நிறம், புள்ளி, கோடு என்று பார்த்து டப்பா டப்பாவாகப் பிரித்து நம்பர் போட்டேன். அங்கேயே நின்றுவிட்டது வேலை. போனில் இருக்கும் ஆப் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது, அதே வண்டைத் திருப்பிப் படம் எடுத்தால் வேறு பெயர்.

1ஆம் டப்பாவில் வெளிர் மஞ்சள் உடம்பில் நீளவாக்கில் பழுப்புக் கோடு போட்டது, சாலையோரம் மழைக்கு அப்புறம் கூட்டம் கூட்டமாக இருந்தது, ஆப் பொறிவண்டு என்கிறது. 2 மங்கலான ஆரஞ்சு, நிறைய கறுப்புப் புள்ளி, சுண்டைச் செடியில் எடுத்தது. 3 தங்கம் மாதிரி மின்னியது, ஏரிக்கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் கண்ணாடி போல ஓரம். ஆனால் டப்பாவில் போட்டு இரண்டு நாளில் பார்த்தால் வெறும் பழுப்பு. 4 மாட்டுச் சாணத்தில் கிடைத்த கறுப்பு வண்டுகள், ஒன்றுக்குத் தலையில் கொம்பு, மற்றவற்றுக்கு இல்லை, அதனால் இரண்டு வகை என்று எழுதி வைத்திருக்கிறேன். 5 ஒரு வீட்டில் கொட்டை எடுக்காத புளி மூட்டையிலிருந்து வந்த பழுப்பு வண்டு. 6 சாம்பல் நிறம், மூக்கு கொஞ்சம் நீண்டது, கிடைக்காத செடியே இல்லை. 7 மூன்று மில்லிமீட்டர் கறுப்பு, பூவில் இருந்தது, தொட்டால் துள்ளுகிறது, அதனால் தெள்ளு வண்டு என்று நினைக்கிறேன். 8 கல்லுக்கு அடியில் இருந்த கறுப்பு வண்டுகள், எல்லாம் ஒரே மாதிரி. 9 காட்டாமணக்கில் பச்சையாகப் பளபளக்கும் உடம்பில் கறுப்புப் பொட்டு.

கைடு எல்லாவற்றுக்கும் சிற்றினம் வரைக்கும் பெயர் வேண்டும் என்கிறார். எனக்குக் குடும்பமே தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய ஏ.ஓ.:

பாப்பா, நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வகைப்பாடு படித்தவன் இல்லை. ஆனால் உன் டப்பாக்களில் பாதி எங்கள் வயல்வெளி ஆட்கள்தான், அதனால் சொல்கிறேன்.

1 பொறிவண்டு கிடையாது. நீ எந்தச் செடியில் எடுத்தாய் என்று எழுதவில்லை பார், நான் சொல்கிறேன், பார்த்தீனியம். சரியா? அது மெக்சிகன் வண்டு, சைகோகிராம்மா பைக்கலரேட்டா. இலை வண்டுக் குடும்பம். பார்த்தீனியத்தை அழிக்க மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984ல் பெங்களூரில் விட்டார்கள், அங்கிருந்து பரவிப் பரவி இன்று இந்தப் பக்கமெல்லாம் அதுதான். 90களின் ஆரம்பத்தில் இது சூரியகாந்தியையும் தின்கிறது என்று பெரிய கூச்சல் கிளம்பி, அரசு ஒரு குழு போட்டு விசாரிக்கும் அளவுக்குப் போனது. வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், மழை விழுந்ததும் வெளியே வரும், அதனால்தான் உனக்கு மழைக்கு அப்புறம் கூட்டமாகக் கிடைத்தது. மலையின் சொந்த வண்டு என்று பட்டியலில் சேர்த்துவிடாதே, வந்தேறி என்று தனியாகக் குறி.

2 கத்தரி வண்டு. எபிலாக்னா என்று எங்கள் காலத்தில் சொல்வோம், இப்போது ஹெனோசெபிலாக்னா என்கிறார்கள். இதுதான் நிஜப் பொறிவண்டுக் குடும்பம், ஆனால் அசுவினி தின்னாது, இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கும். அடையாளம் ரொம்பச் சுலபம், அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு பளபளவென்று வழுக்கும், இதன் முதுகில் பொடி முடி மூடியிருப்பதால் மங்கலாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பார். இலையின் அடியில் மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு புழு இருந்தால் சந்தேகமே வேண்டாம். புள்ளியை மட்டும் எண்ணாதே, இருபத்தெட்டுப் புள்ளி என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் இருக்கும், குறைந்தும் இருக்கும்.

6 மில்லோசெரஸ். சாம்பல் கூன்வண்டு. இலை ஓரத்தைக் கடித்துப் பல் பல்லாக வெட்டி வைக்கும், அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். அதில் எந்த மில்லோசெரஸ் என்று என்னைக் கேட்காதே.

9 எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வயிற்றுப் பக்கம் திருப்பிப் படம் போடு.

ஆறுகால்:

ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் வண்டு வகைப்பாட்டில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், பெங்களூரில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லா டப்பாவையும் கலைத்துவிட்டு நிறத்தை மறந்துவிடு தங்கச்சி. வண்டில் நிறம்தான் ரொம்ப ஏமாற்றும். ஆறு புள்ளிப் பொறிவண்டு என்று சொல்கிற கைலோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டாவையே எடுத்துக்கொள், வளைந்து வளைந்து கோடு போட்டதும் அதுதான், ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருப்பதும் அதுதான். உன் 3ஆம் டப்பா தங்க வண்டு ஆமை வண்டு வகை, இலை வண்டுக் குடும்பத்தில் காசிடினே என்ற துணைக்குடும்பம். நெய்வேலிக் காட்டாமணக்கும் சர்க்கரைவள்ளியும் ஐபோமியா என்ற ஒரே பேரினம்தான், அந்தச் செடிகளில் இவை சர்வசாதாரணம். அந்தத் தங்க நிறம் சாயம் இல்லை, மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் இருக்கும்வரை ஒளி அப்படிப் பிரதிபலிக்கிறது, செத்துக் காய்ந்ததும் போய்விடும். மியூசியத்தில் இருப்பதெல்லாம் பழுப்புதான். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், கால். நிஜமாகவே கால். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள், போன் கிளிப்பைவிட அது மேல். நகத்துக்கு முன்னால் இருக்கும் பாதத்தில் சின்னச் சின்னக் கணுக்கள் இருக்கும், அதை முன்கால், நடுக்கால், பின்கால் மூன்றிலும் எண்ணு. தரை வண்டு, சாண வண்டு எல்லாம் 5-5-5. மூன்றாவதில் மட்டும் ஒன்று குறைந்து 5-5-4 வந்தால் டெனிப்ரியானிடே குடும்பம், கொப்புள வண்டு, அந்தக் கூட்டம். இலை வண்டு, கூன்வண்டு, நீளக்கொம்பு வண்டு மூன்றிலும் நான்குதான் தெரியும். நிஜத்தில் ஐந்து, நான்காவது கணு துக்கடாவாக மூன்றாவதன் பிளந்த மடல்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டிருக்கும். பொறிவண்டில் அதே மாதிரி ஒளிந்து மூன்றாகத் தெரியும். உன் 1ஆம் டப்பாவையும் 2ஆம் டப்பாவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காலைப் பார், ஆப் ஏன் தடுமாறுகிறது என்று உனக்கே தெரிந்துவிடும், அது மேலே இருந்து எடுத்த படத்தை வைத்துத்தானே சொல்கிறது.

அடுத்தது உணர்கொம்பு. நூல் மாதிரியா, நுனியில் குண்டா, முழங்கை மாதிரி மடிந்ததா, விசிறி மடிப்பு மடிப்பாக விரிகிறதா. மடிந்து, அது மூக்கிலிருந்து கிளம்பினால் கூன்வண்டு. விசிறி என்றால் சாண வண்டு, மே ஜூனில் முதல் மழைக்கு வேப்ப மரத்தில் மொய்க்கிற பழுப்பு வண்டு, அந்தக் குடும்பம்.

மூன்றாவது வயிற்றுப் பக்கம். இதை யாரும் படம் எடுப்பதில்லை. 8ஆம் டப்பாவுக்கு அது கட்டாயம் வேண்டும். கல்லுக்கு அடியில் கறுப்பு வண்டு என்றால் இரண்டு குடும்பம் சேர்ந்தே இருக்கும். ஒன்று தரை வண்டு, கல்லைத் தூக்கினதும் ஓட்டம் பிடிக்கும், வேட்டைக்காரன். பின்காலின் அடிப்பகுதி வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு போயிருக்கும். இன்னொன்று டெனிப்ரியானிடே, நிதானமாக நடக்கும், உணர்கொம்பின் அடி தலையின் பக்கவாட்டில் ஒரு விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். மேலெல்லாம் மண் ஒட்டினாற்போல அழுக்காக இருந்தால் கோனோசெஃபாலம் என்று வைத்துக்கொள்ளலாம், நம் பக்கக் காட்டு நிலங்களில் கல்லைப் புரட்டினால் அதுதான் முதலில் வரும்.

4இல் இரண்டு வகை என்று எழுதியிருப்பதை அழித்துவிடு. ஓந்தோபேகஸ் என்ற சாண வண்டாக இருக்க வேண்டும். அதில் ஆணுக்குக் கொம்பு, பெண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை, போதாக்குறைக்குச் சின்னப் புழுவாக இருந்தபோது தீனி சரியாகக் கிடைக்காத ஆணுக்கும் கொம்பு வளராது. ஒரே சாணத்தில் பெரிய கொம்பன், மொட்டை ஆண், பெண் மூன்றும் ஒரே சிற்றினமாக இருக்கலாம். இரண்டு மூன்று சிற்றினம் கலந்தும் இருக்கலாம், அதுதான் சிக்கல். உலகத்தில் இந்த ஒரு பேரினத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் சிற்றினங்கள்.

7 துள்ளுகிறது என்பதை வைத்துத் தெள்ளு வண்டு என்று முடிவு செய்யாதே. பின்தொடை உருண்டு தடித்திருக்கிறதா? வயிற்றின் நுனி இறக்கையைத் தாண்டி முள் மாதிரிக் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்துச் சொல்.

ஆம்பூர்க்காரன்:

சும்மா ஒரு கேள்வி. இவ்வளவு உயிரைக் கொன்று டப்பாவில் போட்டுத்தான் பெயர் கண்டுபிடிக்க வேண்டுமா? படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாமே. சின்ன வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வேல இலை வைத்து வளர்த்தவன்தான் நானும், ஆனால் மாணவர்கள் வருடா வருடம் மலையேறிப் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகிறது?

ஆறுகால்:

நியாயமான கேள்விதான் அண்ணா. பொன்வண்டு, பட்டாம்பூச்சிக்குப் படம் போதும், பெரியது, அடையாளம் மேலேயே இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் வண்டுக்கு வயிற்றையும் பாதத்தையும் படம் எடுக்க அது அசையாமல் இருக்க வேண்டும், பல பேரினங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையை நீக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் தவிர சிற்றினம் சொல்லவே முடியாது. அதற்காக அள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஒரே மாதிரி கண்ணில் படுவதில் நாலைந்து எடுத்தால் ஆணும் பெண்ணும் வந்துவிடும், மீதியை எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொண்டு விடலாம். நான் கோபப்படுவது எடுப்பதற்கு இல்லை, எடுத்துவிட்டு லேபிள் போடாமல் பாட்டிலில் போட்டு அழுக விடுகிறார்களே அதற்குத்தான். எந்தக் கல்லூரி அலமாரியைத் திறந்தாலும் தேதி இல்லாத, ஊர் இல்லாத வண்டுகள்.

புளி வியாபாரி:

நான் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி, சாமை, தேன் வாங்கி விற்கிறவன். பாடம் எல்லாம் தெரியாது. 5ஆம் டப்பா வண்டு என் எதிரி, அதனால் எழுதுகிறேன்.

மாசி பங்குனியில் புளி உலுக்கும்போதே அது உள்ளே இருக்கிறது, மூட்டைக்கு வந்த பிறகு பெருகுகிறது. ஓட்டோடு வைத்த புளியில்தான் அதிகம். கொட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். பழத்தின் மேலே வெள்ளையாகக் காகிதம் மாதிரி ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தாலே அந்த மூட்டையைத் தனியாக எடுத்துவிடுவோம். அதே பூச்சி கீழே நிலக்கடலை குடோனிலும் இருக்கிறது, போளூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒன்றா வேறா என்று யாராவது சொன்னால் எனக்கும் உபயோகம்.

அந்தப் பொண்ணுக்கு ஒன்று, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடும்மா. தப்பாக நினைக்க மாட்டார்கள், அவர்களே கூட வந்து எந்தச் செடியில் எந்தப் பூச்சி என்று காட்டுவார்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறையில் எழுதி வாங்காமல் போகாதே. சந்தன மரம் உள்ள மலை, பையில் டப்பா, கையில் கத்தரியோடு யார் திரிந்தாலும் நிறுத்திக் கேட்பார்கள்.

பழைய ஏ.ஓ.:

வியாபாரி அண்ணே, இரண்டும் ஒன்றேதான். காரிடான் செராட்டஸ். புளிக்கும் அதுதான், கடலைக்கும் அதுதான், இதனால்தான் புளி மூட்டையையும் விதைக் கடலையையும் ஒரே குடோனில் வைக்காதீர்கள் என்று சொல்வது. பயறு வண்டு இருக்கிறதே, காலோசோபுருக்கஸ், அதற்கு உறவுக்காரன். பாப்பா, இதன் பின்தொடையைப் பார், தடித்துப் போய் உள்பக்கம் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை இருக்கும். மேலே இருந்து பார்த்தால் வயிற்றின் கடைசித் துண்டு இறக்கை மூடாமல் வெளியே தெரியும், விதை வண்டுகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். மலையில் புளி, புங்கன், ஆவாரை, கொன்றை, வேல், எது காய்த்திருந்தாலும் நெற்றைக் கொஞ்சம் பறித்து வந்து, தனித்தனிப் பாட்டிலில் போட்டு வாயில் துணி கட்டி வை. என்ன மரம், எங்கே, எந்தத் தேதி என்று பாட்டிலில் ஒட்டிவிடு. உள்ளே இருக்கும் வண்டு தானாக வெளியே வரும், ஆண் பெண் இரண்டும் வரும், எந்த விதையில் வளர்ந்தது என்ற தகவலும் சந்தேகம் இல்லாமல் கிடைக்கும். இலைமேல் உட்கார்ந்திருந்ததை வைத்து அந்தச் செடியைத்தான் தின்கிறது என்று எழுத முடியாது, சும்மா வெயிலுக்கு ஒதுங்கியிருக்கலாம். இதில் அந்தத் தகராறே கிடையாது. எருக்கங்காயையும் விடாதே, உள்ளே பாரமெகாப்ஸ் என்ற கூன்வண்டு இருக்கும்.

குடியாத்தம் மாணவி:

எல்லாருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கிவிட்டேன், கண் வலிக்க வலிக்க எண்ணினேன்.

ஐயா, 1 பார்த்தீனியம்தான், எழுத விட்டுப்போனது. கால் பார்த்தேன், நான்காகத் தெரிகிறது, 2இல் மூன்று. அக்கா சொன்ன மடல் பிளவு 1இல் நன்றாகவே தெரிந்தது.

8இல் நிஜமாகவே இரண்டு இருக்கிறது! ஓடினது 5-5-5, வயிற்று வளையம் அறுபட்டிருக்கிறது. மற்றது 5-5-4, முதுகில் மண்.

7இல் பின்தொடை பெரிதாக உருண்டு இல்லை. வயிற்று நுனி கூர்முள். கால் 5-5-4. அப்படியென்றால் இது தெள்ளு வண்டு இல்லையா?

9ஐத் திருப்பினேன். வாய் ஊசி மாதிரி இருக்கிறது, மார்புக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. முதுகில் நடுக்கோடே இல்லை, ஒரே ஓடு.

இப்போது என் பிரச்சினை கைடுதான். "பேரினத்தோடு நின்றால் பட்டியல் எப்படி?" என்கிறார். ஒரு இடத்துக்கு மின்னஞ்சலில் படங்கள் அனுப்பிப் பெயர் கேட்டேன், பதிலே இல்லை. சிற்றினம் எழுத வேறு வழி இருக்கிறதா, புத்தகம் ஏதாவது?

ஆறுகால்:

7 மோர்டெல்லிடே என்ற குடும்பம். பூவில் இருக்கும், ஆப்பு வடிவம், தொட்டால் கரணம் போட்டுத் துள்ளும். தெள்ளு வண்டு துள்ளுவது தொடைக்குள் இருக்கும் ஒரு சுருள்வில் போன்ற அமைப்பினால், அதனால்தான் தொடை தடித்திருக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பம், உறவே இல்லை.

9 வண்டே இல்லை, நாவாய்ப்பூச்சி வகை, ஸ்கூடெல்லெரிடே குடும்பம். முதுகை மூடியிருப்பது இறக்கை இல்லை, மார்பிலிருந்து நீண்ட ஒரு தகடு. வண்டு என்றால் இரண்டு கெட்டியான மேல் இறக்கையும் நடுவில் நேர்கோட்டில் சேர வேண்டும், வாயில் கடிக்கும் தாடை இருக்க வேண்டும். காட்டாமணக்கில் பச்சையாக மின்னுவதைப் பார்த்து நிறைய பேர் வண்டு என்றே பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

புத்தகம் என்றால் பிரிட்டிஷ் காலத்து இந்திய விலங்குகள் வரிசைதான் இன்றைக்கும் ஆரம்பம். இலை வண்டுக்கு ஜேக்கபி 1908, பிறகு மௌலிக் 1919, 1926, 1936. ஆமை வண்டு 1919 தொகுதியில் இருக்கிறது, தெள்ளு வண்டு 1926இல். சாண வண்டுக்கு ஆரோ 1931. மில்லோசெரஸுக்கு மார்ஷல் 1916. தரை வண்டுக்கு ஆண்ட்ரூஸ் 1929, 1935, ஆனால் அந்த இரண்டு தொகுதியில் குடும்பம் முழுக்க முடியவில்லை. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் தேடு, பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சி என்றால் ஃப்ளெட்சர் 1914இல் சென்னையில் போட்டது, ராமகிருஷ்ண ஐயர் 1940இல் போட்டது இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடு. பொறிவண்டுக்குப் பெங்களூரு என்.பி.ஏ.ஐ.ஆர். என்ற தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் படங்களோடு இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கை. அந்தப் பழைய கீ, அதாவது அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துப் பெயருக்குப் போகும் அட்டவணை, எல்லாம் அவர்கள் கையில் இருந்த வண்டுகளை வைத்துப் போட்டது. நீலகிரியிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும் போன அளவுக்குக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போகவில்லை. உன் வண்டு அந்தக் கீயிலேயே இல்லாமல் இருந்தாலும், கீ உன்னை ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். நிறுத்தின இடத்தில் விவரணையை வரி வரியாகப் படித்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பெயரும் மாறியிருக்கும், இன்றைய பெயரைச் சரிபார்த்துத்தான் எழுத வேண்டும்.

கைடிடம் இப்படிக் கேட்டுப் பார். 1க்குச் சிற்றினம் எழுதலாம். 5க்குத் தொடை முள்ளைப் பார்த்துவிட்டு எழுதலாம். 2க்கு ஆணைப் பிரித்துப் பார்த்த பிறகு. 4க்கு "ஓந்தோபேகஸ் சிற்றினம் 1, சிற்றினம் 2" என்று எண் போட்டு, ஒவ்வொன்றையும் எதனால் பிரித்தாய் என்று ஒரு வரி, ஒரு படம். 7, 8 குடும்பம் போதும், கோனோசெஃபாலம் பேரினம் வரை. இப்படி எண் போட்டுப் பிரித்தாலே எத்தனை வகை, எந்த உயரத்தில் எது அதிகம் என்ற உன் கணக்கெல்லாம் வந்துவிடும், அதற்குப் பெயர் தேவையே இல்லை. பொய்யாக ஒரு சிற்றினப் பெயர் எழுதினால் நாளைக்கு யாராவது உன் பட்டியலைப் பார்த்து, ஜவ்வாது மலையில் இது இருக்கிறது என்று எடுத்து எழுதுவார், அதிலிருந்து இன்னொருவர். இதை அவரிடம் சொல்.

படத்தை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது, அவர்களாலும் சொல்ல முடியாது. ஒழுங்காக ஒட்டி லேபிள் போட்ட வண்டாகக் கொண்டுபோனால் கதை வேறு. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, உன் கைடு வழியாகக் கடிதத்தோடு கேள். காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் பெங்களூரும் பக்கம்தான். கோவை போக வாய்த்தால் காஸ் வன அருங்காட்சியகம், வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகம் இரண்டையும் பார், ஒட்டி வைப்பது எப்படி என்று கண்ணால் பார்த்தாலே பாதி வேலை புரிந்துவிடும்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதை ஊசியால் குத்தாதே, சிதறிவிடும். கெட்டி அட்டையில் சின்ன முக்கோணம் வெட்டி, ஊசியை அகலமான பக்கம் குத்தி, கூரான நுனியை லேசாக மடக்கி, பசை தொட்டு வண்டின் வலப்பக்க மார்பில் ஒட்டு. இடப்பக்கமும் வயிறும் பார்ப்பதற்குத் திறந்திருக்க வேண்டும். தண்ணீரில் கரையும் பசை போடு, பின்னால் கழற்ற வேண்டி வரும். கொல்வதற்கு மருந்து எதுவும் கிடைக்காவிட்டால் டப்பாவோடு ஃப்ரீசரில் வை, வீட்டில் சொல்லிவிட்டு வை.

பழைய ஏ.ஓ.:

லேபிள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இது நம் மாவட்டத்துக்கே உள்ள தலைவலி. பழைய மியூசியப் பெட்டியில் "வட ஆற்காடு" என்று மட்டும் எழுதின பூச்சி வந்தால் எங்கே போய்த் தேடுவது? 1989 வரைக்கும் அதில் திருவண்ணாமலையும் சேர்த்தி. அதற்கு அப்புறம் எழுதினவர்கள் "வேலூர் மாவட்டம்" என்பார்கள், 2019இல் அதிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் போய்விட்டது. உன் புராஜெக்ட்டிலேயே பார், அமிர்தி வேலூர், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை, இன்னும் கொஞ்சம் தள்ளிக் காவலூர் போனால் திருப்பத்தூர். மலை ஒன்றுதான். ஆகவே மாவட்டத்தை நம்பாதே. மலை, கிராமம், போனில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, செடி, எப்படிப் பிடித்தாய், யார் பிடித்தது, இவ்வளவும் ஊசியிலேயே இருக்க வேண்டும். நோட்டில் மட்டும் எழுதி நம்பர் போடுகிற வழக்கம் வேண்டாம், நோட்டு எங்கேயாவது போய்விடும்.

குடியாத்தம் மாணவி:

இன்று கைடிடம் பேசினேன். எண் போட்டுப் பிரிப்பதற்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கப் படமும் கீயில் எந்தப் படியில் நின்றேன் என்பதும் இருக்க வேண்டும் என்றார். அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

அடுத்த முறை விளக்குப் பொறி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வெள்ளைத் துணி கட்டி முன்னால் விளக்கு வைப்பதுதானே? காவலூர் பக்கம் தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறது.

ஆறுகால்:

காவலூரில் வேண்டாம் தாயே! அங்கே வைணு பாப்பு வானியல் கூடம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி, இருட்டுக்காகத்தான் அந்த மலையையே தேர்ந்தெடுத்தார்கள். நீ போய் வெள்ளைத் துணியில் விளக்கு அடித்தால் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். ஜமுனாமரத்தூர் பக்கமே நிலத்துக்காரரிடம் கேட்டு வை. பௌர்ணமியை ஒட்டி வைக்காதே, நிலா வெளிச்சத்தில் வரத்து குறையும். அமாவாசைப் பக்கம், மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான இரவாகப் பார்.

இன்னொன்று, விளக்குக்கு மெல்லிசாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, இறக்கை குட்டையாக எறும்பு மாதிரி ஒன்று வரும். பெடெரஸ். மேலே உட்கார்ந்தால் அடிக்காதே, ஊதித் தள்ளு. நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்ட இடம் மறுநாள் வெந்துபோன மாதிரிக் கொப்பளிக்கும். மழைக்காலத்தில் விடுதிப் பிள்ளைகள் ஆசிட் பூச்சி என்று பயப்படுவது இதைத்தான். அதுவும் வண்டுதான், ஸ்டாஃபிலினிடே குடும்பம், பத்து மில்லிமீட்டருக்குள் வரும், உன் பட்டியலுக்கு ஆகும். இடுக்கியால் எடு.

புளி வியாபாரி:

விளக்கு வைப்பதென்றால் சொல்லும்மா, எங்கள் களத்தில் கரண்டு இருக்கிறது, சுற்றிலும் சாமைக்காடு, மரத்தடியும் உண்டு. வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், ராத்திரி தங்கிக்கொள்ளலாம். கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு வா. வண்டு விழுந்த புளி ஒரு மூட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பாட்டிலில் போடுவதற்கு வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள். வெயிலில் காய வைப்பதற்குள் வந்தால் நல்லது.